பழைய பட்டறைக்கு வெளிவேலை: சுண்ணாம்பா சிமெண்டா, ஓடா ஷீட்டா?

செட்டிநாட்டு வீடுகளின் முகப்பையும் வளவையும் (முற்றம் உள்ள உள்கட்டு) பர்மாத் தேக்குத் தூணையும் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் சேர்ந்தபிறகு வெளியூர்க்காரர்களும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்த வீடுகளின் பின்கட்டுக்கும் பின்னால், அடுத்த தெருவைப் பார்த்தபடி நிற்கிற பட்டறையைப் பற்றித்தான் பேச ஆளில்லை. வீடு பூட்டிக் கிடந்தாலும் பல ஊர்களில் அந்தப் பட்டறையில் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. கதவு செய்கிறார்கள், ஆத்தங்குடிக் கல் (தரைக்குப் பதிக்கும் பூவேலைக் கல்) வார்க்கிறார்கள், பழைய சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறார்கள். ஒரு குடும்பம் சாப்பிடுவதே அந்தக் கட்டடத்தை நம்பி என்கிறபோது அதன் வெளிப்பக்கத்தை எப்படிச் சீர் செய்வது என்பது சின்ன விஷயமில்லை.

எங்களுடையது மரப்பட்டறை. கீழே செம்புறாங்கல், மேலே சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர், கூரையில் பாதி நாட்டு ஓடு, பின்னால் சேர்த்த பாதியில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட். வடக்குச் சுவரில் யாரோ எப்போதோ போட்ட சிமெண்ட் பூச்சு பொரிந்து விழுகிறது. கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று எங்கே போனாலும் இதே நிலையில் ஒரு பத்துக் கட்டடத்தையாவது பார்க்கலாம், அதனால் எங்கள் கணக்கு மற்றவர்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

கேட்டால் மூன்று யோசனை வரும். ஒன்று, இடித்துவிட்டுக் கான்கிரீட் போடு. இரண்டாவது, சுவர் இருக்கட்டும், வெளியே சிமெண்ட் பூசி மேலே கலர் ஷீட் (நிறம் பூசிய இரும்புத் தகடு) போடு. மூன்றாவது, பழையபடியே சுண்ணாம்பும் ஓடும். ஒவ்வொருவரும் தன் யோசனையை முழுக் கட்டடத்துக்கும் சேர்த்தே சொல்கிறார்கள். என் அபிப்பிராயம், மூன்றில் எதையும் அப்படி முழுசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சுவருக்கு என்ன வேண்டும் என்பதை அந்தச் சுவர் எதால் கட்டப்பட்டது என்பது தீர்மானிக்கும். கூரைக்கு என்ன வேண்டும் என்பதைச் சாய்வும், சுவர் தாங்கும் பாரமும், உள்ளே நடக்கும் வேலையும் தீர்மானிக்கும். இரண்டையும் தனித்தனியாக யோசித்தால் செலவும் குறையும், கட்டடமும் நிற்கும்.

அதற்கு முன்னால் தண்ணீர். எந்தப் பூச்சு நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, மழைத் தண்ணீர் எங்கே விழுந்து எங்கே போகிறது என்பதுதான். நம் பக்கம் பெய்கிற மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்றோடு வருவது. அதனால் வடக்குச் சுவரும் கிழக்குச் சுவரும் சாரலில் நனையும், மேற்குச் சுவர் வெயிலில் காயும். ஒரே கட்டடத்தில் நாலு சுவரும் ஒரே மாதிரிக் கெடுவதில்லை, நாலுக்கும் ஒரே வைத்தியமும் தேவையில்லை. மேற்கிலும் தெற்கிலும் பழைய சுண்ணாம்புப் பூச்சு கெட்டியாக இருந்தால் அதைத் தொடாதீர்கள், வெள்ளை மட்டும் அடித்தால் போதும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கெட்டியான சத்தம் வந்தால் விட்டுவிடலாம். பொள்ளலாகக் கேட்கிற இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு வைத்தால், நாலு சுவரும் சுற்றி முடிக்கும்போது உண்மையில் எவ்வளவு வேலை என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் கொத்தனார் சொன்னதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

இன்னொன்று தெரு மட்டம். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே தாரைக் கொட்டிக் கொட்டித் தெரு உயர்ந்துவிட்டது. முன்பு இரண்டு படி ஏறிப் போன பட்டறைகள் இன்று தெருவோடு தெருவாக இருக்கின்றன, மழை வந்தால் சுவரின் அடியிலேயே தண்ணீர் நிற்கிறது. அந்த ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும். அதைத்தான் ஓதம் என்கிறோம். ஓதத்தை எந்தப் பூச்சும் குணப்படுத்தாது, எவ்வளவு விலை உயர்ந்த வாட்டர்புரூஃப் டப்பாவை வாங்கி அடித்தாலும் சரி. சுவரை ஒட்டி ஒரு முழ அகலத்துக்குத் தோண்டிச் சரளைக் கல்லை நிரப்பி, தண்ணீர் வெளியே ஓடும்படி வாட்டம் கொடுங்கள். கூரை ஓரத்தில் தகரக் கால்வாய் கட்டிப் பைப்பில் இறக்கிக் கிணற்றடிக்கோ தொட்டிக்கோ கொண்டுபோங்கள். நம் வீடுகளில் முற்றத்துத் தண்ணீரை வீணாக்காமல் சேர்த்தார்கள், ஊரைச் சுற்றி ஊரணி வெட்டினார்கள். பட்டறைக் கூரையில் விழும் தண்ணீரை மட்டும் ஏன் சுவரடியில் விடவேண்டும்? சுவரை ஒட்டிச் சிமெண்ட் தளம் போட்டு அடைப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தரையிலிருந்து வெளியே போகவேண்டிய ஈரம் போக வழியில்லாமல் சுவருக்குள் ஏறிவிடும்.

சுவர் வெடிப்பில் அரசங்கன்றோ ஆலங்கன்றோ முளைத்திருந்தால் அதை முதலில் பாருங்கள். மேலே வெட்டினால் போதாது, வேரோடு எடுத்து அந்த இடத்துச் செங்கலையும் பிரித்துக் கட்ட வேண்டும். வெடிப்பு புதிதா பழசா என்று சந்தேகம் இருந்தால் இரண்டு முனையிலும் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதிவிட்டு ஒரு மழைக்காலம் விட்டுப் பாருங்கள். கோட்டைத் தாண்டி வளர்கிற வெடிப்பு என்றால் அஸ்திவாரத்தில் கோளாறு, பூச்சு வேலைக்கு முன்னால் அதைச் சரி பார்க்க வேண்டும்.

சரி, சுவர்.

சிமெண்ட் பூச்சின் நல்ல பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆள் கிடைக்கிறது, எந்தக் கடையிலும் மூட்டை கிடைக்கிறது, ஒரு சுவரை ஒன்றிரண்டு நாளில் முடித்துவிடலாம், ஒரு வாரம் தண்ணீர் விட்டு நனைத்தால் இறுகிவிடும். சிமெண்டில் கட்டிய செங்கல் சுவராக இருந்தால், 1970களுக்குப் பிறகு கட்டிய கொட்டகைகள் பல அப்படித்தான், தயங்காமல் சிமெண்ட் பூச்சே போடுங்கள். அங்கே சுண்ணாம்புக்கு மெனக்கெடுவது தேவையில்லாத செலவு.

சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் வேறு சாதி. செங்கல்லும் மென்மை, காரையும் மென்மை, ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்ததும் வெளியே விடும். நூறு வருஷமாக இந்தச் சுவர்கள் நிற்பதே இந்த வாங்கலும் விடலும் தடையில்லாமல் நடப்பதால்தான். அதன் மேல் இறுக்கமான சிமெண்ட் பூச்சைப் போடுவது, ஈர வேட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வைப்பதுதான். ஈரம் அடியிலிருந்து ஏறுவது நிற்காது, வெளியே போகும் வழி மட்டும் அடைபடும். ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து, படிகமாகிப் பெருத்து, பூச்சைத் தள்ளும். வெயிலில் சிமெண்ட் விரிவது ஒரு அளவு, உள்ளே இருக்கும் காரை விரிவது ஒரு அளவு, அதில் வேறு வெடிப்பு விடும். வெடிப்பு வழியாகச் சாரல் உள்ளே போகும், போன தண்ணீர் வெளியே வராது. கடைசியில் பூச்சு பலகை பலகையாக விழும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும். அந்த இழப்பைத் திரும்பச் சரிசெய்ய முடியாது என்பதால்தான் இதில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன். எங்கள் வடக்குச் சுவரில் நடந்தது இதுதான். அதே கட்டடத்தின் தெற்குச் சுவரில் பழைய சுண்ணாம்பு இன்னும் உளியால் கொத்தினால்தான் வருகிறது.

சுண்ணாம்புப் பூச்சு என்றதும் பலருக்கு முட்டை வெள்ளைக்கரு கலந்து, கடுக்காயும் வெல்லமும் சேர்த்து, பளிங்கு மாதிரி தேய்த்த பூச்சு ஞாபகம் வந்து பயந்துவிடுகிறார்கள். அது வளவுக்கும் பட்டாலை என்கிற கூடத்துக்கும் செய்த வேலை, பட்டறையின் வெளிச்சுவருக்கு அது வேண்டியதே இல்லை. நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் இரண்டரை அல்லது மூன்று பங்கு, கடுக்காயும் வெல்லமும் சில நாள் ஊறிய தண்ணீர், இவ்வளவுதான். கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் ஏறக்குறைய 900 டிகிரிக்குச் சுட்டால் அதிலிருக்கும் கரியமில வாயு வெளியேறும், தண்ணீரில் நீற்றிச் சுவரில் பூசியபிறகு காற்றிலிருந்து அதே வாயுவைத் திரும்ப வாங்கிக் கல்லாக மாறும். இந்த மாற்றம் மெதுவாக நடக்கும், அவசரப்படுத்த முடியாது. ஒரு அடுக்கு போட்டு அது இறுகியபிறகுதான் அடுத்தது. நேர்வெயில் படாமல் சாக்கைக் கட்டி, லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். மயிரிழை வெடிப்பு வந்தால் கவலைப்படாதீர்கள், மழைநீரில் கரையும் கொஞ்சம் சுண்ணாம்பு அந்த வெடிப்பில் படிந்து தானாகவே அடைத்துக்கொள்ளும். சிமெண்டுக்கு இந்தக் குணம் மிகவும் குறைவு.

இதன் கஷ்டங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆள் கிடைப்பது சிரமம். பெரிய வீடுகளைச் சீர் செய்கிற இடங்களில் வேலை செய்த கொத்தனார்கள் காரைக்குடிப் பக்கம் இருக்கிறார்கள், ஆனால் அவர்களுடைய நாளுக்குக் காத்திருக்க வேண்டும். சுண்ணாம்பைக் குழியில் நீற்றி வாரக்கணக்கில் ஊறவிட வேண்டும், நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, அதனால் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் குழிப்பக்கம் விடாதீர்கள். ஆற்று மணல் கிடைக்காத இந்தக் காலத்தில் கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட்தான் கதி, அதிலும் பூச்சுக்கென்று விற்கிற பி-சாண்டை வாங்கிக் கழுவித் தூள் போக்கிப் போடுங்கள், இல்லையென்றால் வெடிக்கும். கூலி நாள் அதிகம் என்பதால் மொத்தச் செலவு சிமெண்டைவிடக் கூடத்தான் ஆகும். ஆனாலும் மோசமான சுவருக்கு மட்டும் செய்தால் போதும் என்பதால், நாலு சுவருக்கும் சிமெண்ட் போடுகிற செலவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் நீங்கள் பயப்படுகிற அளவு இருக்காது. கையில் பணம் குறைவு என்றால் இந்த வருஷம் வடக்கு, அடுத்த வருஷம் கிழக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே போட்ட சிமெண்டை முழுக்க உடைக்க வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். பொள்ளலான இடத்தை மட்டும் உடையுங்கள். கெட்டியாகப் பிடித்திருக்கிற இடத்தில் உளியை வைத்தால் செங்கல் முகம் போய்விடும், அது தானாக விடும்வரை இருக்கட்டும்.

பூச்சே இல்லாமல் செங்கல் தெரியும்படி விடுவது படத்தில் அழகாக இருக்கிறது. நம் பழைய செங்கல் அதற்காகச் சுட்டதில்லை, சாரலில் குடித்துக் குடித்து உதிரும். வெளியே டைல்ஸ் ஒட்டுவது, அலுமினியப் பலகை அடிப்பது எல்லாம் சிமெண்டுக்குச் சொன்ன அதே காரணத்தால் வேண்டாம். பலகைக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி விட்டாலும் அங்கே கரையானும் பல்லியும் குடியேறும், சுவருக்கு என்ன ஆகிறது என்று கண்ணால் பார்க்கவும் முடியாது.

கூரை விஷயத்தில் நான் அவ்வளவு பிடிவாதக்காரன் இல்லை. இங்கே நியாயமான வழிகள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன.

பாரத்திலிருந்து தொடங்கலாம். 4 அங்குலக் கான்கிரீட் தளம் சதுர அடிக்குச் சுமார் 23 கிலோ. மங்களூர் ஓடு சுமார் 4 கிலோ, அடிச்சட்டம் தனி. கலர் ஷீட் அரைக் கிலோவுக்கும் குறைவு. காரைச் சுவரின் மேல் நேராகக் கான்கிரீட் தளத்தை உட்காரவைப்பது கட்டடத்தைக் கொல்வதற்குச் சமம், செய்வதானால் தனியாகத் தூண் எழுப்பி அதற்கு அஸ்திவாரம் தோண்ட வேண்டும், அப்புறம் அது புதுக் கட்டடம்தான், சீரமைப்பு இல்லை. மாடி எடுக்கப்போகிறீர்கள் என்றால் அந்தக் கணக்கைப் போடுங்கள். பட்டறைக்கு மட்டும் என்றால் கான்கிரீட்டை இங்கேயே விட்டுவிடலாம்.

நாட்டு ஓட்டின் குளுமையைச் சித்திரை வெயிலில் உளி பிடித்தவர்கள் அறிவார்கள். அடுக்கடுக்காகக் கிடக்கும் ஓட்டுக்கு நடுவே காற்று நிற்பதால் சூடு இறங்க நேரமாகும், ஓட்டு இடுக்கு வழியாகச் சூட்டுக் காற்று வெளியேறியும் விடும். குறை என்னவென்றால் சில வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து மேய வேண்டும், மயில் இறங்கினாலும் குரங்கு ஓடினாலும் ஓடு நகர்ந்து ஒழுகும், மேய்கிற ஆள் குறைந்துகொண்டே வருகிறார்கள். குன்றக்குடி, பிள்ளையார்பட்டிப் பக்கம் குரங்குத் தொல்லை உள்ளவர்களுக்கு நாட்டு ஓட்டைத் துணிந்து சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மற்ற இடங்களில் அடிச்சட்டமும் கைமரமும் நன்றாக இருந்தால் பிரித்து, உடைந்ததைக் கழித்து, திரும்ப மேய்வதுதான் இருப்பதிலேயே மலிவான வேலை. உடைந்ததற்கு மாற்று, காரைக்குடியில் பழைய சாமான் விற்கும் முனீஸ்வரன் கோவில் தெருவில் விசாரித்தால் கிடைக்க வாய்ப்பு உண்டு.

மங்களூர் ஓடு நடுவழி. 1865இல் பாசல் மிஷன் என்கிற கிறித்தவ சபைக்காரர்கள் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவியது, அதனால் இதுவும் நூற்றைம்பது வருஷம் பார்த்த சரக்குதான். ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதால் நாட்டு ஓட்டைப் போல நகராது, எடையும் குறைவு, உடைந்தால் ஒற்றை ஓட்டை உருவி மாற்றலாம். கண்ணாடி ஓடு நாலைந்தை வடக்குப் பக்கச் சாய்வில் கோத்துவிட்டால் பகல் முழுக்க நல்ல வெளிச்சம் கிடைக்கும், மரத்தின் ரேகை பார்த்து இழைக்கிறவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் சாய்வு வேண்டும், 30 டிகிரி அளவுக்கு. கல்நார் ஷீட்டுக்காகப் படுக்கையாகப் போட்ட சட்டத்தின் மேல் ஓட்டைப் பரப்பினால் காற்றோடு வரும் மழை பின்னோக்கி ஏறி உள்ளே ஒழுகும். ஓடு போட்டும் ஒழுகுகிறதே என்று சலித்துக்கொள்கிற பல கூரைகளில் கோளாறு ஓட்டில் இல்லை, சாய்வில் இருக்கிறது.

கலர் ஷீட்டைக் குறை சொல்கிறவர்கள் அது ஏன் இவ்வளவு பரவியது என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டு நாளில் வேலை முடிகிறது, ஒழுகாது, கரையான் தொடாது, சாய்வு குறைவாக இருந்தாலும் போதும், நடுவில் தூண் இல்லாமல் நீளமான மரம் திருப்ப இடம் கிடைக்கும். தேர்ந்தெடுத்தால் அரை மில்லிமீட்டர் தடிமனுக்குக் குறையாமல், துத்தநாகத்தோடு அலுமினியமும் சேர்ந்த பூச்சு உள்ளதாக வாங்குங்கள். வெட்டிய ஓரத்துக்கும் திருகு போட்ட துளைக்கும் பெயிண்ட் தொடுங்கள், துரு பிடிப்பது அங்கேதான். காரைக்குடியில் 1953 முதல் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது, உலோக அரிப்பைப் பற்றி ஆராய்வது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று, மண்டபத்தில் கடலோரமாக உலோகங்களை வைத்துச் சோதிக்கிற நிலையமும் அவர்களுக்கு உண்டு. இப்படி ஒரு நிலையம் இருக்கிற ஊரில், எந்தப் பூச்சு என்றுகூடக் கேட்காமல் கலரை மட்டும் பார்த்து ஷீட் வாங்குவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஷீட்டின் உண்மையான குறை இரண்டு. ஒன்று சூடும் சத்தமும், இது எல்லாரும் அறிந்தது. இரண்டாவதைப் பட்டறைக்காரர்கள்தான் கவனிக்க வேண்டும். மார்கழி, தை இரவுகளில் தகடு சட்டென்று குளிர்ந்துவிடும், உள்ளே இருக்கும் ஈரக்காற்று அதன் அடியில் பட்டு முத்து முத்தாகக் கோத்துக் காலையில் சொட்டும். இழைப்பு மெஷின் மேஜையிலும் ரம்பத் தகட்டிலும் துரு பிடிப்பதற்கு இது ஒன்று போதும். இழைத்து வைத்த பலகையில் சொட்டினால் கறை. ஷீட்டுக்கு அடியில் வெப்பத் தடுப்புப் போர்வை விரித்து, முகட்டில் காற்று போக வழி விட்டால் இது குறையும். நுரை வைத்த இரட்டை ஷீட், பஃப் பேனல் என்கிறார்களே, அதைப் போட்டால் சூடும் சொட்டும் சத்தமும் மூன்றும் தீரும். ஆனால் உள்ளே இருப்பது எரியக்கூடிய நுரை. மரத்தூளும் தின்னரும் இருக்கிற இடத்தில் தலைக்கு மேல் அதை வைக்க எனக்குச் சம்மதமில்லை. ஆத்தங்குடிக் கல் பட்டறை மாதிரி தீக்குப் பயமில்லாத இடத்துக்கு அது நல்ல தேர்வு. மரப்பட்டறைக்கு வேண்டுமென்றால் தீப்பிடிக்காத கனிமக் கம்பளி (ராக்வூல்) வைத்த பேனலைக் கேட்டு வாங்குங்கள், விலை கூடுதல்.

காற்று விஷயத்தில் இரண்டும் சமம் என்றுதான் சொல்வேன். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிப் புதுக்கோட்டை வழியாக உள்ளே வந்தபோது ஷீட்டும் பறந்தது, ஓடும் பறந்தது. ஓடு என்றால் இறவாரத்து வரிசையையும் முகட்டையும் சாந்து வைத்துக் கட்டுங்கள், ஷீட் என்றால் ஓரத்தில் திருகை நெருக்கமாகப் போடுங்கள்.

கல்நார் ஷீட்டைப் பற்றி ஒப்பீடே கிடையாது, புதிதாகப் போட வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மரத்தூளும் அதே பிரிவில்தான் இருக்கிறது என்பது நிறையத் தச்சர்களுக்குத் தெரியாது. ஒன்றையே சுவாசித்துக்கொண்டிருக்கிற இடத்தில் இரண்டாவது எதற்கு? பழைய ஷீட் வெடிப்பில்லாமல் இருந்தால் அப்படியே விட்டு வைக்கலாம், ஆபத்து அதிகமாவது அதை உடைக்கும்போதும் துளை போடும்போதும்தான். எடுப்பதானால் நன்றாக நனைத்து, கொக்கியைக் கழற்றி, உடையாமல் முழுசாக இறக்குங்கள், இறக்குகிறவர்கள் மூக்கு மூடி போடட்டும். தயவு செய்து உடைத்து ஊரணிக் கரையில் கொட்டாதீர்கள். வெளிவேலை நடக்கும்போதே மரத்தூசி இழுக்கிற விசிறிக்குச் சுவரில் துளை விட்டுக்கொள்ளுங்கள், தெருப்பக்கம் வேண்டாம், காற்று அள்ளிக்கொண்டு போகிற பக்கமாக.

எங்கள் சித்தப்பா ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார், “பட்டறைக்கு எதுக்குடா இவ்வளவு யோசனை, முழுக்க ஷீட்டைப் போட்டுட்டு வேலையைப் பாரு.” அவர் சொல்வதில் பாதி சரி என்று நினைக்கிறேன். இழைப்பும் செதுக்கலும் நடக்கிற முன்பாதிக்கு மங்களூர் ஓடு, ஏனென்றால் அங்கே சாய்வு ஏற்கெனவே இருக்கிறது, தேக்கு உத்திரமும் திடமாக இருக்கிறது, ஆள் நாள் முழுக்க நிற்பதும் அங்கேதான். அங்கிருந்து இறக்கும் நாட்டு ஓட்டில் நல்லதை வைத்து வளவின் தாழ்வாரத்தைச் சரி செய்துகொள்ளலாம். மரம் அடுக்கி வைக்கிற பின்பாதிக்குக் கல்நாரை இறக்கிவிட்டு, அங்கே இப்போதிருக்கிற குறைந்த சாய்விலேயே போர்வை வைத்த கலர் ஷீட், வெள்ளை நிறத்தில். பச்சையும் நீலமும் வெயிலை இழுக்கும்.

வெளிச்சுவர் நிறத்துக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். சுண்ணாம்புப் பூச்சுக்கு மேல் சுண்ணாம்பே அடியுங்கள், ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அடிக்க வேண்டியிருக்கும், செலவு மிகக் குறைவு. எமல்ஷன் அடித்தால் சுவரின் வாயை மறுபடி அடைத்த மாதிரி ஆகும். சிமெண்ட் சுவருக்கு எமல்ஷன் தாராளமாக அடிக்கலாம்.

கதவு கடைசியாக வருகிறது, ஆனால் மேற்கு வெயில் படுகிற பட்டறைக்கு இதுவும் சூட்டுக்கணக்கில் சேரும். ரோலிங் ஷட்டர் பாதுகாப்பு, அகலமாகத் திறக்கும், ஆனால் மத்தியானத்தில் கொதிக்கும், கீழ்ப்பட்டை தெருத் தண்ணீரில் நனைந்து அரித்துப் போகும். இடித்த வீடுகளிலிருந்து வரும் தேக்குக் கதவும் சன்னலும் முனீஸ்வரன் கோவில் தெருவில் இன்னும் கிடைக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போது எந்த வீட்டில் இருந்ததோ என்று நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது, ஆனால் மேஜையாக வெட்டப்பட்டு எங்கோ போவதைவிட இதே மண்ணில் ஒரு பட்டறைக்குக் கதவாக நிற்பது மேல். வாங்கும்போது குடுமியையும் (கதவு சுழலும் முனை) அடிப்பலகையையும் ஊசியால் குத்திப் பாருங்கள், கரையான் அங்கேதான் ஒளிந்திருக்கும். நான்கு மடிப்பாகத் திறக்கும்படி செய்துகொண்டால் ஷட்டர் அளவுக்கு அகலம் கிடைக்கும், உள்ளே ஒரு இரும்புக் குறுக்குப் பட்டை போட்டால் பாதுகாப்புக்கும் குறையில்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, தை பிறந்ததும் மடமடவென்று தொடங்குங்கள். முதலில் சுவரடி வடிகால், அது முடிந்ததும் கூரை, கூரை மூடியபிறகு பூச்சு, இந்த வரிசை மாறக் கூடாது. கூரைக்கு முன்னால் பூசினால் ஓடு இறக்குகிற ஆட்களே பூச்சைக் கெடுத்துவிடுவார்கள். சுண்ணாம்பை மார்கழியிலேயே குழியில் போட்டுவிட்டால் கூரை முடியும்போது அது தயாராக இருக்கும். பங்குனிக்குள் கடைசி அடுக்கு ஏறிவிட வேண்டும், அக்கினி நட்சத்திர வெயிலில் பூசினால் இறுகுவதற்கு முன்பே காய்ந்து மாவாக உதிரும். கொத்தனாரிடம் பேசும்போது சதுர அடிக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்காமல், எத்தனை அடுக்கு, ஒரு அடுக்குக்கும் அடுத்ததுக்கும் எத்தனை நாள் விடுவார், தண்ணீர் தெளிப்பது யார் பொறுப்பு என்று மூன்றையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். “சீக்கிரம் இறுக கொஞ்சம் சிமெண்ட் கலந்துக்கலாம் தம்பி” என்று சொல்கிறவராக இருந்தால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.